மூத்த விண்மீன்களைத் தேடிய ஊர்

2022 ஜூலை 11 அன்று வெள்ளை மாளிகையில் வெளியிடப்பட்ட ஒரு படத்தை உலகம் முழுவதும் வியந்து பார்த்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் ஆழ்வானப் படம் அது. தென்வானில் எஸ்மாக்ஸ் 0723 என்று குறிக்கப்படும் விண்மீன் மண்டலத் திரளை நோக்கிப் பன்னிரண்டரை மணி நேர ஒளியைச் சேர்த்து எடுத்தது. அதில் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் இருந்தன. எவ்வளவு தொலைவு, எவ்வளவு பழமை என்பதே அன்றைய செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் டன்லப் வானியல் நிறுவனத்தில் அப்போது ஆய்வாளர்களாக இருந்த லாமியா மௌலாவும் கார்த்திக் ஐயரும் அந்தப் படத்தில் வேறொன்றைக் கவனித்தார்கள். இழுபட்டு நீண்டிருந்த ஒரு சிவந்த விண்மீன் மண்டலத்தைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகச் சில பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதே இடத்தை ஹபிள் தொலைநோக்கியும் முன்பு படம் பிடித்திருக்கிறது. அதில் இந்தப் பொட்டுகள் பிரிந்து தெரியவில்லை. மத்தாப்புப் பொறி போலச் சிதறியிருந்ததால் அந்த மண்டலத்துக்கு ‘ஸ்பார்க்ளர்’ என்று பெயர் வைத்தார்கள். படம் வெளியாகி மூன்று மாதங்கள் முடிவதற்குள், செப்டம்பர் இறுதியில், அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. 12 பொட்டுகளை அளந்து பார்த்ததில் ஐந்து, பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளிலேயே உருவான கோளக் கொத்துகளாக இருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கோளக் கொத்து என்பது சில லட்சம் விண்மீன்கள், சில வேளை பத்து லட்சத்துக்கும் மேல், ஒன்றையொன்று தம் ஈர்ப்பால் இழுத்துப் பிடித்தபடி பந்துபோல் திரண்டிருக்கும் அமைப்பு. நம் பால்வழி மண்டலத்தைச் சுற்றி இப்படிச் சுமார் 150 கொத்துகள் இருக்கின்றன. 1918இல் ஹார்லோ ஷேப்லி என்ற அமெரிக்க வானியலாளர் இவற்றின் தொலைவுகளைக் கணக்கிட்டு, அவை தனுசு ராசி இருக்கும் திசையில் ஒரு புள்ளியைச் சூழ்ந்து நிற்பதைக் கண்டார். பால்வழியின் நடு அங்கேதான் இருக்கிறது, சூரியன் ஓர் ஒதுக்குப்புறத்தில் கிடக்கிறது என்று நாம் அறிந்துகொண்டது கோளக் கொத்துகளால்தான். இவற்றில் மிகப் பெரியது ஒமேகா சென்டாரி. அது யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் மே மாத இரவுகளில் தெற்கு வானில் வெறுங்கண்ணுக்கே மங்கலான விண்மீனாகத் தெரியும். ரொறன்ரோவில் அது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை.

இருந்தும், கோளக் கொத்துகளைப் பற்றிய அறிவில் இந்த ஊருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு உறவு உண்டு. அதற்குக் காரணம் ஹெலன் சாயர் ஹாக்.

1905இல் அமெரிக்காவில் பிறந்த ஹெலன், ஹார்வர்ட் வான்நோக்ககத்தில் ஷேப்லியிடமே பாடம் கற்றவர். அறிவியலில் பெண்களுக்கு மேற்பட்டம் கொடுக்க ஹார்வர்ட் அன்று முன்வரவில்லை. அதனால் 1931இல் ராட்கிளிஃப் கல்லூரி வழியாக முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய கணவர் ஃபிராங்க் ஹாக் கனடாக்காரர். அவருக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா வான்நோக்ககத்தில் வேலை கிடைத்தது. ஹெலனுக்குக் கிடைக்கவில்லை. கணவரின் உதவியாளர் என்ற பெயரில் சம்பளமில்லாமல் இரவுகளில் தொலைநோக்கியில் வேலை செய்தார். பிறந்து சில மாதமே ஆன மகளை ஒரு கூடையில் கிடத்தி வான்நோக்ககத்துக்குக் கூடவே கொண்டு வந்தார். பிள்ளை உறங்க, தாய் கோளக் கொத்துகளைப் படம் எடுத்தார்.

1935இல் குடும்பம் ரொறன்ரோ வந்தது. அந்த ஆண்டு மே 31இல்தான் நகருக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில்லில் டேவிட் டன்லப் வான்நோக்ககம் திறக்கப்பட்டது. சுரங்கத் தொழிலில் செல்வம் சேர்த்த வழக்கறிஞர் டேவிட் டன்லப்பின் நினைவாக அவர் மனைவி ஜெஸ்ஸி டன்லப் கொடுத்த கொடை அது. அதற்காகப் பல ஆண்டுகள் அலைந்து பாடுபட்ட பேராசிரியர் சான்ட்டுக்குத் திறப்பு நாளன்று 70 வயது நிறைந்தது. 1.88 மீட்டர் விட்டமுள்ள ஆடி. அப்போது உலகில் அதைவிடப் பெரிய தொலைநோக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கனடாவில் இன்று இருக்கும் மிகப் பெரிய ஒளித் தொலைநோக்கி அதுதான்.

அந்த ஆடியின் வழியே ஹெலன் ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையைச் செய்தார். ஒரு கொத்தை மறுபடி மறுபடி கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பது, ஒரு தகட்டை இன்னொன்றோடு ஒப்பிட்டு எந்த விண்மீன் மங்கி மீண்டும் பிரகாசிக்கிறது என்று கண்டுபிடிப்பது. கோளக் கொத்துகளில் ஏறத்தாழ அரை நாளுக்கு ஒரு முறை ஒளி ஏறி இறங்கும் ஒரு வகை விண்மீன்கள் நிறைய உண்டு. அவற்றின் இயல்பான பிரகாசம் ஏறக்குறைய ஒரே அளவு. எனவே நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதை வைத்துத் தொலைவைச் சொல்லிவிடலாம். 1939இல் கோளக் கொத்துகளில் உள்ள 1,116 மாறொளி விண்மீன்களின் பட்டியலை அவர் வெளியிட்டார். 1955இலும் 1973இலும் அதைப் புதுப்பித்தார். உலகில் எங்கே யார் கோளக் கொத்தை ஆராய்ந்தாலும் இந்தப் பட்டியலைத் திறக்காமல் தொடங்க முடியாது என்ற நிலை உருவானது. அதோடு 1951 முதல் 1981 வரை, முப்பது ஆண்டுகள், ரொறன்ரோ ஸ்டார் நாளிதழில் வாரம்தோறும் வானத்தைப் பற்றி எழுதினார். ஆய்வும் எழுத்தும் ஒரே கையில் இப்படி நிலைத்தது அரிது. என் கணிப்பில் ரொறன்ரோவின் பெயரை வானியலில் நிறுத்தியவர்களில் முதல் இடம் அவருக்குத்தான்.

ஹெலனின் பட்டியல்கள் தொலைவைச் சொல்ல உதவின. வயதைச் சொல்வது அதைவிடக் கடினமான கணக்கு.

ஒரு கொத்தின் விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. அவற்றில் பெரியவை எரிபொருளை வேகமாக எரித்துத் தீர்த்துவிடும். சூரியனைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள விண்மீன் சில கோடி ஆண்டுகளிலேயே வெடித்து முடிந்துவிடும். சூரியன் போன்றது சுமார் 1,000 கோடி ஆண்டுகள் நிலைக்கும். அதைவிடச் சிறியவை இன்னும் நீண்ட காலம் எரியும். பெரிய விண்மீன்கள் நீல ஒளி வீசுபவை, சிறியவை சிவந்தவை. காலம் போகப் போக நீலம் அணைந்து மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும். ஆகவே ஒரு கொத்தில் எந்த அளவு நிறையுள்ள விண்மீன்கள் இப்போது முடிந்துகொண்டிருக்கின்றன என்று பார்த்தால் அதன் வயது தெரிந்துவிடும்.

பால்வழியின் கோளக் கொத்துகளில் பல, இப்படிப் பார்க்கும்போது 1,200 முதல் 1,300 கோடி ஆண்டு வயது காட்டுகின்றன. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி. ஆனால் இந்தக் கணக்கில் 100 கோடி ஆண்டு அளவுக்குப் பிழை வர இடமுண்டு. வடலியைப் பார்த்து அதன் வயதை ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். வளர்ந்து நின்றுவிட்ட நெடும்பனைக்கு எழுபதா தொண்ணூறா என்று கேட்டால் அனுபவசாலியும் தயங்குவார். கொத்துகளும் அப்படித்தான். இளமையில் நிறமும் ஒளியும் விரைவாக மாறுகின்றன, முதுமையில் மாற்றம் மிக மெதுவாகிவிடுகிறது. அதனால் நம் அருகில் இருக்கும் கொத்துகளை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், அவை பிரபஞ்சத்தின் முதல் 50 கோடி ஆண்டுகளில் பிறந்தவையா, அல்லது 200 கோடி ஆண்டுகள் கழித்துப் பிறந்தவையா என்று தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

இதைத் தீர்க்க ஒரே வழி, அவை இளமையாக இருந்த காலத்தைப் பார்ப்பது. ஒளி வந்து சேர நேரம் எடுக்கும் என்பதால் அது நடக்கக்கூடியதே. ஸ்பார்க்ளரிலிருந்து ஒளி நம்மை வந்தடைய சுமார் 900 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நாம் பார்ப்பது பிரபஞ்சத்துக்கு சுமார் 460 கோடி வயதாக இருந்தபோது அந்த மண்டலம் இருந்த கோலம். அங்குள்ள கொத்துகளின் வயதை 390 முதல் 410 கோடி ஆண்டுகள் என்று ரொறன்ரோக் குழு மதிப்பிட்டது. 460இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 50 கோடி.

கழித்தல் எளிது. அந்த 400 கோடியைக் கண்டுபிடித்த விதத்தில்தான் ஆய்வாளர்களின் திறமை எல்லாம் இருக்கிறது.

முதல் தடை, அவ்வளவு தொலைவில் ஒரு கொத்து தனியாகத் தெரியாது. கோளக் கொத்தின் குறுக்களவு சில பத்து ஒளியாண்டுகளிலிருந்து நூறு, இருநூறு வரைதான். 6.5 மீட்டர் ஆடி கொண்ட வெப் தொலைநோக்கிக்குக்கூட அது எட்டாது. இங்கே இயற்கையே துணைக்கு வந்தது. எஸ்மாக்ஸ் 0723 திரளின் நிறை அபாரமானது. தன்னைச் சுற்றியுள்ள வெளியையே அது வளைத்துவிடுகிறது. அந்த வளைவுக்குள் வரும் ஒளி திசை மாறிக் குவிகிறது. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் சொல்லும் விளைவு இது. விண்மீன் மண்டலங்களே இப்படி வில்லையாகச் செயல்படக்கூடும் என்று 1937இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி சொன்னார். ஸ்பார்க்ளர் அந்தத் திரளுக்குப் பின்னால் வெகு தொலைவில் இருக்கிறது. திரளின் ஈர்ப்பு அதன் உருவத்தை இழுத்து நீட்டிப் பெரிதாக்கியது மட்டுமல்ல, மூன்று படிமங்களாகவும் பிரித்துக் காட்டுகிறது. ஒரே பொட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட படிமத்தில் திரும்ப வந்ததால், அவை வழியில் தற்செயலாகக் குறுக்கிட்ட வேறு ஒளிகள் அல்ல, அந்த மண்டலத்துக்கே உரியவை என்று உறுதி செய்ய முடிந்தது.

இரண்டாவது தடை நிறம். சிவப்பாக இருப்பதால் மட்டும் ஒன்று கிழமாகிவிடாது. நடுவில் தூசி இருந்தாலும் ஒளி சிவக்கும். ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் மிகுந்திருந்தாலும் சிவக்கும். கார்த்திக் ஐயர் முனைவர் பட்டக் காலத்திலிருந்தே உழைத்துவரும் சிக்கல் இதுதான். ஒரு மண்டலம் தன் வாழ்நாளில் எப்போதெல்லாம் எவ்வளவு விண்மீன்களைப் பிறப்பித்தது என்ற வரலாற்றை, அதன் இன்றைய ஒளியிலிருந்து பின்னோக்கிக் கணித்தெடுக்கும் முறை ஒன்றை அவர் வளர்த்து வந்தார். ‘டென்ஸ் பேசிஸ்’ என்பது அதன் பெயர். பலவகை வரலாறுகளைக் கற்பித்துப் பார்த்து, ஒவ்வொன்றும் எந்த நிறக் கலவையைத் தரும் என்று கணக்கிட்டு, தொலைநோக்கி கண்ட நிறங்களோடு ஒப்பிட்டு, எந்த வரலாறுகள் பொருந்துகின்றன, எந்த அளவு உறுதியோடு பொருந்துகின்றன என்று அது சொல்லும். ஹபிளின் அளவீடுகளையும் வெப்பின் அளவீடுகளையும் சேர்த்து இந்தக் கணக்கு போடப்பட்டது.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. புதிய விண்மீன்கள் பிறக்கும் இடத்தில் அவற்றின் கடும் புற ஊதா ஒளி சுற்றியுள்ள வாயுவைத் தாக்கும். அப்போது அயனியாகிய ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு பச்சைக் கோட்டை வெளியிடும். ஸ்பார்க்ளரின் ஒளி, பிரபஞ்ச விரிவினால் 2.38 மடங்கு நீண்டு வருவதால், அந்தப் பச்சை சுமார் 1,190 நானோமீட்டராகி அகச்சிவப்பில் விழும். சரியாக அந்தப் பகுதியை அலசக்கூடிய கருவி வெப் தொலைநோக்கியில் இருக்கிறது. அதன் பெயர் நிரிஸ். அது கனடா செய்து கொடுத்தது. மொன்றியால் பல்கலைக்கழகத்தின் ரெனே டொயோன் அதற்குத் தலைமை தாங்கியவர். நிரிஸ் கொடுத்த நிறமாலையில், மண்டலத்தின் உடலில் ஆக்சிஜன் கோடு தெரிந்தது. சிவந்த பொட்டுகளில் தெரியவில்லை. அங்கே விண்மீன் பிறப்பு எப்போதோ நின்றுவிட்டது என்பதே அதன் பொருள்.

விண்மீன் பிறப்பு என்று சொல்லும்போது நம் அருகில் நடப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பால்வழியில் குளிர்ந்த ஹைட்ரஜன் முகில்கள் மிதக்கின்றன. உள்ளே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 260 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அழுத்தம் தாங்காத இடத்தில் முகில் தன் எடையாலேயே உள்வாங்கி விண்மீனாகிறது. ஆனால் பிறந்த பெரிய விண்மீன்கள் தம் காற்றாலும் வெடிப்பாலும் மீதி வாயுவை விரைவில் விரட்டிவிடுகின்றன. ஆகவே இன்று பிறக்கும் கொத்துகள் பெரும்பாலும் சிறியவை, கலைந்துவிடக்கூடியவை. பல லட்சம் விண்மீன்கள் கலையாமல் பந்தாகத் திரள வேண்டுமென்றால், வாயு மிக அடர்த்தியாக, மிக உயர்ந்த அழுத்தத்தில் கிடைக்க வேண்டும். விரட்டப்படுவதற்கு முன்பே அதில் பெரும்பகுதி விண்மீனாகிவிட வேண்டும். இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதும் இடங்களில் இன்றும் அது நடக்கிறது. காக்கை விண்மீன் கூட்டத்தில் உள்ள ‘உணர்கொம்பு’ மண்டலங்களில் ஹபிள் அத்தகைய இளங்கொத்துகளைக் கண்டிருக்கிறது. இளம் பிரபஞ்சத்திலோ எங்கும் வாயு நிறைந்திருந்தது, மண்டலங்கள் ஒன்றோடொன்று அடிக்கடி மோதின. கோளக் கொத்துகள் அந்தக் காலத்தின் எச்சங்கள். அவை எப்போது பிறந்தன என்று அறிந்தால் பால்வழி எப்படிக் கட்டியெழுப்பப்பட்டது என்பதற்கு ஒரு தொடக்கத் தேதி கிடைக்கும்.

அதே இருவரின் தலைமையில் 2024 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த அடுத்த ஆய்வு இன்னும் பின்னோக்கிச் சென்றது. அதற்குள் மௌலா அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரிக்கும், ஐயர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டார்கள். தரவுகள் வந்தது கனடாக்காரர்களின் ‘கனக்ஸ்’ என்ற திட்டத்திலிருந்து. நிரிஸ் கருவியைக் கொடுத்ததற்கு ஈடாகக் கனடாவுக்குக் கிடைத்த தொலைநோக்கி நேரத்தில், ஐந்து விண்மீன் மண்டலத் திரள்களை அவற்றின் ஈர்ப்பு வில்லையோடு ஆராயும் திட்டம் அது. அந்தத் திரள்களில் ஒன்றுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வில்போல் நீண்டு கிடந்த மண்டலத்தில் பத்துக் கொத்துகள் தனித்தனியே மின்னின. ‘ஃபயர்ஃபிளை ஸ்பார்க்கிள்’ என்று அதற்குப் பெயர். பிரபஞ்சத்துக்கு 60 கோடி வயதாக இருந்தபோது புறப்பட்ட ஒளி அது. மண்டலத்தின் மொத்த நிறை ஒரு கோடி சூரியன்கள் அளவே. அதில் ஏறக்குறைய பாதி இந்தப் பத்துக் கொத்துகளில் அடங்கியிருக்கிறது. பால்வழி அந்த வயதில் இருந்திருக்கக்கூடிய நிறையும் இதே அளவுதான் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு சிறு மண்டலங்களும் நிற்கின்றன. ஒன்று 6,500 ஒளியாண்டில், மற்றது 42,000 ஒளியாண்டில். காலப்போக்கில் அவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து பெரிதாகியிருக்க வேண்டும்.

ஸ்பார்க்ளரில் கொத்துகள் பிறந்து ஓய்ந்த பிந்தைய நிலையைக் கணக்கால் அறிந்தோம். இங்கே அந்தப் பிறப்பு நடக்கும் காலத்தையே கண்ணால் பார்க்கிறோம். இரண்டு ஆய்வுகளும் 50, 60 கோடி ஆண்டு என்ற ஒரே காலத்தைத் தொடுவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மிகத் தொலைவான மண்டலம் எது என்ற சாதனைப் பட்டியல் சில மாதங்களுக்கு ஒரு முறை மாறும். ஒரு கேள்விக்கு இரு வேறு வழிகளில் விடை தேடி அவை நெருங்கி வருவது அதைவிடப் பெறுமதியானது. இதில் நிதானமும் வேண்டும். ஸ்பார்க்ளர் கட்டுரையே அந்தப் பொட்டுகளைக் கோளக் கொத்து ‘வேட்பாளர்கள்’ என்றுதான் அழைக்கிறது. நிறங்களிலிருந்து பெற்ற வயதை விரிவான நிறமாலை கொண்டு சரிபார்த்த பிறகே பெயர் நிலைக்கும். ஒரு மண்டலத்தின் ஐந்து பொட்டுகளை வைத்து எல்லா மண்டலங்களின் வரலாற்றையும் எழுதிவிட முடியாது. இத்தகைய வில்லைகளுக்குப் பின்னால் இன்னும் பல மண்டலங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவின் பங்கில் ஒரு செய்தியை இங்கே விடக்கூடாது. ஹெலன் வேலை செய்த ரிச்மண்ட் ஹில் வான்நோக்ககத்தை, அதைச் சுற்றியிருந்த சுமார் 190 ஏக்கர் நிலத்தோடு, 2008இல் பல்கலைக்கழகம் விற்றுவிட்டது. யங் வீதி நெடுக வளர்ந்த நகரத்தின் வெளிச்சம் இரவு வானத்தை விழுங்கியிருந்தது. ஊர்மக்கள் பலர் விற்பனையை எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது, அன்னம் விண்மீன் கூட்டத்தில் உள்ள சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளை என்று 1970களின் தொடக்கத்தில் டாம் போல்டன் காட்டியதும் அந்தக் கூடத்தில் இருந்துதான். ஆனால் விற்ற பணம் வீண் போகவில்லை. டன்லப் நிறுவனத்துக்கு அதுவே முதலாயிற்று. அந்த நிறுவனம் கொடுத்த ஆய்வுப் பதவிகளில் வந்து அமர்ந்தவர்களே மௌலாவும் ஐயரும். கோளக் கொத்துகளை எண்ணிய கூடத்தின் நிலம் விற்கப்பட்டு, அந்தப் பணத்தில் மிகப் பழைய கோளக் கொத்துகள் தேடப்பட்டிருக்கின்றன.

விற்ற நிலத்தின் ஒரு பகுதியில் வீடுகள் எழுந்துவிட்டன. வான்நோக்ககமும் அதைச் சூழ்ந்த பூங்காவும் இன்று ரிச்மண்ட் ஹில் நகரசபையிடம் இருக்கின்றன. 2019இல் அது கனடாவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகளும் அங்கே நடக்கின்றன. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது அதிக தூரமில்லை. கோடையில் ஓர் இரவு பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சந்திரனையும் சனியையும் பார்த்த பிறகு, ஒரு கோளக் கொத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள மெசியே 13 ஜூலை இரவுகளில் ரொறன்ரோவின் உச்சிவானத்துக்கு அருகிலேயே நிற்கும்.